அம்மன் கழுத்தில் என் பதக்கம்

நான் முதலிடம் பிடித்த செய்தி, தட்டை ஏந்திக்கொண்டு சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நின்றபோது வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியின் கேன்டீன் அது. தடகளச் சங்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார் போனில் வந்தவர். நாலு வருடத்துக்கு முன் நான் ஓடிய எண்ணூறு மீட்டர் பந்தயத்தில் முதலாவதாக வந்தவளின் வெற்றி ரத்தாகிவிட்டதாம். ஊக்கமருந்து வழக்கு, மேல்முறையீடு எல்லாம் முடிந்து தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டாவதாக வந்த நான் இனிமேல் முதலாவது. "வாழ்த்துகள்மா. அவங்க தங்கத்தத் திருப்பிக் குடுத்ததும் உங்களுக்கு அனுப்பி வெச்சிடுவோம்" என்றார். எனக்குப் பின்னால் நின்றவள் முதுகில் தட்டி, "இன்னா நின்னுக்கினே கீற, நகரு" என்றாள். நகர்ந்தேன்.

சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பந்தல் பிரித்து, பந்தி முடிந்து, ஊரெல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு தாலியைக் கொரியரில் அனுப்புகிறேன் என்றால் எப்படி இருக்கும்? அந்தப் பந்தயத்தால் கிடைத்திருக்க வேண்டிய வேலையைப் பற்றிக் கேட்டேன். "அது வேற துறைம்மா" என்றார். எனக்கு வயது வரம்பும் தாண்டிவிட்டது. ஆக, வரப்போவது பதக்கம் மட்டும். அது மட்டுமாவது வரட்டும் என்று பிடிவாதமாகத் தோன்றியது. அன்று மதியம் வளையங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளும்போதெல்லாம் அந்தத் தங்கவட்டம்தான் கண்ணுக்குள் நின்றது.

முதலாவதாக வந்தவள் யாரோ அல்ல. கவரைப்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் அவள் ஊர், அதற்கு அடுத்தது என் ஊர். இரண்டு வீட்டிலும் நெல் விவசாயம், இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். விடிவதற்குள் ஏரிக்கரையில் ஓடுவோம். மழைக்காலத்தில் கரை சேறாகிவிட்டால் தொழிற்பேட்டைத் தார்ரோட்டுக்குப் போவோம். லாரிகள் கிளம்புமுன் ஓடி முடிக்க வேண்டும். இரும்பு உருக்கும் ஆலைகளின் பக்கம் ஓடிவிட்டு மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். "நம்ம உள்ள இன்ஜின் ஓடுதுடீ" என்று சிரிப்பாள்.

எங்கள் கோச் தங்கியிருந்த அறைச் சுவரில் ஒரு ரஷ்ய ஓட்டக்காரியின் படம் ஒட்டியிருந்தது. எண்ணூறு மீட்டரில் அப்போது அவளை அடிக்க ஆளில்லை. கடைசி இருநூறு மீட்டர் வரை கூட்டத்தோடு கூட்டமாக வருவாள். அப்புறம் பார்த்தால் மற்றவர்கள் எல்லாம் நின்றுவிட்டது போல் இருக்கும். அந்த வீடியோவைப் போனில் போட்டுப் போட்டுக் காட்டுவார் கோச். "மூஞ்சப் பாருங்கம்மா. ஒரு சுளிப்பு கீதா? அதான் ஓட்டம்" என்பார். கடைசியில் பிய்த்துக்கொண்டு போகிறவள் என்பதால் என் சிநேகிதிக்கு ரஷ்யாக்காரி என்று பட்டப்பெயர் வைத்தார். எனக்கு எதுவும் வைக்கவில்லை.

பிறகு படத்திலிருந்த நிஜ ரஷ்யாக்காரி ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு தடை, திரும்பி வந்து ஓட்டம், மறுபடி ஒரு தடை என்று போய், கடைசியில் வாங்கியதையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பல வருடம் கழித்துப் பதக்கம் கொடுத்ததாகப் பேப்பரில் படித்தோம். கோச் படத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் உரக்கடைக் காலண்டரை மாட்டினார். "எல்லாம் அரசியல்மா" என்றார். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

நான் அவளுக்குப் பின்னாலேயே ஓடி வளர்ந்தவள். அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். கழுத்தில் இடப்பக்கம் ஒரு மச்சம், சடை எப்போதும் வலப்பக்கமே ஆடும். ஆனால் அந்த வருடம் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அந்தப் பந்தயத்தின் கடைசி வளைவில் அவள் தோளுக்குச் சமமாக வந்துவிட்டேன். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அப்புறம் போய்விட்டாள்.

அந்த வருடம் விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்கள் பிரிவுக்கு இருந்தது ஒரே ஒரு அரசு வேலை. அது அவளுக்குப் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எனக்குத் தோளோடு போயிற்று. ஊர் முனையில் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். நாலு தலைவர்களின் தலைக்குக் கீழே அவள் சிரித்தாள். பெண் ஜெயித்தால் ஜெயித்ததை உனக்கே போடுகிறேன் என்று அவள் அம்மா ஊர் அம்மனுக்கு வேண்டியிருந்தார். அந்த ஆடியில் பதக்கத்தின் நாடாவை எடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்து, மேளத்தோடு கொண்டுபோய் அம்மன் கழுத்தில் போட்டார்கள். நானும் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பந்தயம் முடிந்ததும் எடுத்த சோதனையில் மருந்து தெரிந்துவிட்டது என்ற சேதி சில மாதம் கழித்து வந்தது. ஓடக்கூடாது என்று நிறுத்தினார்கள், வேலையும் போனது. பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்ததோடு சரி. ஊரில் அதை யாரும் பார்க்கவில்லை. மூட்டு போய்விட்டது என்று அவள் வீட்டில் சொன்னாள், வீட்டார் ஊருக்குச் சொன்னார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது இவள் விஷயத்தில் பொய்த்துப்போனது. தெரிந்த ஒரே ஆள் நான், நானும் வாயைத் திறக்கவில்லை. கோச் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே இப்போது யாருக்குப் பட்டப்பெயர் வைக்கிறாரோ. அவளும் என் கண்ணில் படாமலே இருந்துகொண்டாள்.

போன் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வா கண்ணு. எங்க ஊட்டுப் பக்கமே வர்றதில்ல. உன் மூட்டெல்லாம் நல்லாகீதா? இவளுக்குத்தான் இப்டி ஆய்ட்ச்சு. யார் கண்ணு பட்டுதோ." எனக்கு டீ போட உள்ளே போனார். அவள் என்னைப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். பழைய பேனரை மழைச் சாரலுக்குத் தடுப்பாகக் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். தலைவர்களின் பக்கம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. அவள் சிரிப்பு அப்படியே இருந்தது, பக்கத்தில் ஒரு கன்று அதை நக்கிக்கொண்டிருந்தது.

"சங்கத்துலருந்து போன் வந்துச்சு" என்றேன்.

"எனுக்கும்தான்."

"மெடல குடுத்துடு."

"எங்க கீதுன்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும். எடுத்துக் குடு."

"எப்டிடீ எடுப்பேன்? பூசாரிகிட்ட சொல்லணும். அவரு பெரியவங்களக் கூப்புடுவாரு. சாமிக்குப் போட்டத எவனாவது திருப்பிக் கேப்பானா, ஏன்னு கேப்பாங்க. எங்கம்மா தாங்காது. நைனா வெளிய தல காட்ட முடியாது. தொலஞ்சி போச்சுன்னு சொல்லிடறேன்."

"தொலஞ்சா எனுக்கு எப்டி வரும்?"

அவள் கன்றின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "உங்கம்மா தாங்காது. எங்கம்மா நாலு வருசமா தாங்கிக்கினுதான் கீது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இன்னாத்துக்குடீ அந்த ஊசியப் போட்டுக்கின?"

"நீ பின்னாடி வந்துக்கினே இருந்த. உன் காலு சத்தம். ஒவ்வொரு நாளும் கிட்ட, கிட்ட வந்துக்கினே இருந்துச்சு. தூங்கும்போதுகூட கேட்டுச்சு."

சொல்லிவிட்டு, கன்றைப் பேனரிலிருந்து இழுத்து வேறு பக்கம் கட்டினாள். என்னைப் பார்க்காமலே மீதியையும் சொன்னாள். "கோச்சு ரெண்டு பேருக்கும்தான் வாங்கியாரேன்னாரு. நாந்தான் உனுக்கு வேணாம்னேன். அவ ஓட்டவாயி, வெளிய சொல்லிடுவான்னு சொன்னேன்."

"என்னக் காப்பாத்தவா?"

"இல்ல. ஜெயிக்கணும்னுதான் சொன்னேன். இப்ப காப்பாத்துனாப்புல ஆய்ட்ச்சு."

அவளை அறைந்துவிடலாம் போலவும், கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நாலு வருடமாக என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நான் தோற்றிருக்கலாம், ஆனால் நேர்மையாக ஓடியவள். எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கிக் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொள்வேன். என்னிடம் யாரும் மருந்தை நீட்டவே இல்லை என்பதுதான் உண்மை என்று இப்போது தெரிகிறது. நீட்டியிருந்தால்? கோச் சார் கொடுத்தால் சத்து ஊசி என்று கையைக் காட்டியிருப்பேன். என்ன ஊசி என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். என் நேர்மைகூட அவள் போட்ட பிச்சையாகிவிட்டது.

அதனாலேயே பதக்கத்தின் மேல் வெறி கூடியது. அதுவும் இல்லையென்றால் எனக்கு என்னதான் மிஞ்சும்? "வர்ற ஞாயித்துக்கெழம கூழ் ஊத்தறாங்க இல்ல? நானே வந்து பூசாரிகிட்ட கேக்கறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றேன்.

"உன் இஷ்டம்" என்றாள். அவள் அம்மா கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதைக் குடிக்காமல் வர எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வாரம் முழுக்க, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐயா, அந்தப் பதக்கம் என்னுது. சங்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் போன் போட்டுத் தருகிறேன், கேளுங்கள். அவ்வளவுதான். திருடவா போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூழ்க் கொப்பரைகள் வரிசையாக இருந்தன. எங்கும் வேப்பிலை வாசனை, ஸ்பீக்கரில் காது கிழிகிற பாட்டு. உள்ளே போக நீண்ட வரிசை. அவள் அம்மா என்னை எங்கிருந்தோ பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்து இழுத்து நேரே முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "சாமி, இதுவும் என் பொண்ணுகூட ஓடுன பொண்ணு. எப்பவும் ரெண்டாவதுதான் வரும். பாவம். இது கையில அந்த மெடல செத்த குடுங்க" என்றார்.

அது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. பரீட்சை எழுதப் போகிறவர்கள், போலீஸ் வேலைக்கு ஓடிக் காட்டப் போகிறவர்கள் எல்லாம் வந்து பதக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். பூசாரி கயிற்றை அம்மன் தலைவழியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். எனக்குப் பூசாரியே கேட்காமல் கொடுத்துவிட்டார்.

கனமாக இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. எண்ணெய்யும் குங்குமமும் ஏறி, முலாம் போய், ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. கட்டைவிரலால் தடவினேன். அழுக்குக்கு அடியில் முதலிடம் என்ற எழுத்துகள் மட்டும் மேடாகத் தட்டுப்பட்டன. என்னுடையது. விரலை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அவளும் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் பிடரியில் பட்டது. கடைசி வளைவில்கூட அவள் அப்படி இரைத்து நான் கேட்டதில்லை. ஒருவரின் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே நிற்பது எவ்வளவு பயமானது என்று எனக்குப் புரிந்தது.

"ஐயா" என்றேன். ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்காமல் பூசாரி என் பக்கம் குனிந்தார். "இன்னாம்மா?"

அவள் மூச்சு நின்றுவிட்டது. அவள் அம்மா இரண்டு கையையும் என் தலையில் வைத்தார். அந்தக் கைகளில் சாணமும் மஞ்சளும் மணத்தன. "நல்லா வேண்டிக்கோ கண்ணு. அவளுக்குத்தான் மூட்டு போய்ட்ச்சு. நீ ஓடு. அடுத்த தபா நீதான் மொதல்ல வருவ."

"சரிம்மா" என்றேன்.

விரலைத் திறந்து கையை நீட்டினேன். பூசாரி எடுத்து அம்மன் கழுத்தில் மாட்டி, கோணலாகத் தொங்கியதை நேராக்கிவிட்டு, என் நெற்றியில் குங்குமம் வைத்தார். பின்னால் நின்றவளையும் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்து, "சீக்கிரம் நகரும்மா, நெறைய பேரு நிக்கறாங்க" என்றார். நகர்ந்தேன்.