பின்பக்கமாக ஏறிய மேடு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும், என் கூடப்பிறந்த தம்பியே அப்படித்தான் பார்த்தான். ரப்பர் எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்தவன் நான். கூலிக்காரர் குடியிருக்கிற லயத்துக்கு லயம் முனி அடித்த கதை சொல்வார்கள், கேட்டுச் சிரித்துவிட்டுப் போவேன். வண்டி நின்றால் பெட்ரோல் வரவில்லை, அது வந்தால் பொறி வரவில்லை, மூன்றாவதாக ஒரு காரணம் உலகத்தில் இல்லை என்று வாய் கிழியப் பேசுகிற ஆள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் குறுக்கிடாதீர்கள்.

அப்போது ரப்பர் விலை விழுந்து வெள்ளைக்காரத் துரைமார் பலர் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன பழைய கார்கள், பித்தளை விளக்கும் மரச் சக்கரமுமாக, கொட்டகைகளில் கோழி அடையக் கிடந்தன. அந்தக் கிழங்களை எடுத்து ஓட வைக்கிற பைத்தியம் எங்கள் ஏழு பேருக்குப் பிடித்தது. ஆயர் ஈத்தாமில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காசிம் பாயின் கடைக்குப் பின்னால்தான் எங்கள் சங்கம். ரேடியேட்டர் ஒழுகினால் கடுகுத் தூள் போடு, விளக்கைப் புளி போட்டுத் தேய், பெட்ரோலைத் தோலில் வடிகட்டி ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கழற்றுகிற ஞாயிறு. அன்று ஏழு வண்டியையும் பிரித்து, பாகங்களைப் பெட்ரோலில் கழுவி, ஒருவர் வண்டியை இன்னொருவர் சோதித்த பிறகுதான் மாட்டவேண்டும். அதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. ஒரே நாளில் ஏழையும் பிரித்துப் போடுகிறோமே, அவசரம் வந்தால் என்ன செய்வது என்று ஏழு பேரில் ஒருவனுக்குக் கூடத் தோன்றவில்லை பாருங்கள்.

சங்கத்தின் சட்டங்களைப் போட்டவர் ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவகுரு. என் வண்டிக்கு முன் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் தொட்டி. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருந்தால் மேடு ஏறும்போது எஞ்சினுக்கு ஓடி வராது, வண்டி செத்துப் போகும். அதற்கு ஒரே வழி, வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவது. அப்போது தொட்டி உயரத்திலும் எஞ்சின் தாழ்விலும் இருக்கும். ஆனால் ரிவர்ஸ் மிதியை ஏறி முடிக்கும்வரை காலால் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

"மேட்டிலை பின்னுக்கு ஏறேக்கை தலையைத் திருப்பப்படாது கண்டியளோ. கால் வழுக்கினால் எஞ்சின் நிண்டிடும். கூட நிக்கிறவன்ரை சொல்லைக் கேட்டு ஓட்டுங்கோ" என்பார் சிவகுரு.

ஓட்டுகிறவன் இறக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், இன்னொருவர் பக்கவாட்டுப் பலகையில் தொற்றி நின்று, மேலே பார்த்து வலம் இடம் சொல்லிக்கொண்டே வருவார்.

அப்படி ஒரு கழற்றுகிற ஞாயிறன்று காலையில் என் மகள் கமலிக்கு உடம்பு கொதித்தது. ஆறு வயது, ஒரே பிள்ளை.

"இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்களேன்" என்றாள் என் மனைவி பாக்கியம்.

கமலி வாசல்வரை வந்து, "என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று வேட்டியைப் பிடித்தாள். காய்ச்சலோடு எங்கே வருவாய், போய்ப் படு என்று அதட்டிவிட்டுப் போனேன். போயிருக்கக் கூடாது. எத்தனை தடவை என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டாலும் தீராது.

உச்சி வேளைக்குப் பாக்கியம் மாட்டு வண்டியில் கமலியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கே வந்துவிட்டாள். எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரெஸர் ஊரில் இல்லையாம். பிள்ளைக்குக் கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மலேரியா தலைக்கேறிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆஸ்பத்திரி குளுவாங் டவுனில். பஸ் சாயங்காலம்தான்.

"அலமாக்! ஏழு வண்டியும் கழட்டில்ல கெடக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் காசிம் பாய்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாதியற்ற நிலையை நான் பார்த்ததில்லை. ஏழு கார், ஏழு கெட்டிக்காரர்கள், ஒன்றும் நகராது. பதினாலு கையும் என் வண்டியில் விழுந்தது. எந்தத் திருகாணி யாருடையது என்று பார்க்கவில்லை, கைக்குக் கிடைத்ததை மாட்டினோம். சுத்தமான பெட்ரோலையெல்லாம் கழுவியே தீர்த்திருந்தோம், கறுத்துப் போனதையும் வடிகட்டி ஊற்றியதில் தொட்டியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். பின் சீட்டில் பாக்கியம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார, காசிம் பாய் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் ஒரு மேடு. நான் பயந்தபடியே கால்வாசி ஏறியதும் எஞ்சின் இருமி நின்றது. இறங்கிப் பின்னால் உருட்டி, வண்டியைத் திருப்பி, காசிம் பாய் கைப்பிடியைச் சுற்றி மறுபடி உயிர் கொடுத்தார்.

"கிராணியாரே, பெட்ரோல் இருக்கறது ஒரு மடக்குதான். நடுவுல நிப்பாட்டினா மறுபடி கெளம்பாது. என்ன ஆனாலும் காலை எடுத்துடாதீங்க லா" என்று சொல்லிவிட்டுப் பலகையில் தொற்றிக்கொண்டார்.

நடக்கிற வேகத்தில் வண்டி பின்பக்கமாக ஏறியது. பட்டப் பகல், வெயில் கொளுத்துகிறது, இரண்டு பக்கமும் லாலாங் புல், நடுவில் செம்மண் ரோடு. இருட்டில் எதையோ பார்த்துப் பயந்தான் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எதிரே, நாங்கள் விட்டு வந்த இறக்கத்தில், வளைவு திரும்பி ஒரு பிள்ளை நடந்து வந்தது. மஞ்சள் கவுன். காலில் செருப்பில்லை. அது கமலி.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பெற்றவனுக்குத் தன் பிள்ளையின் நடை தெரியாதா? காலடியில் புழுதி கிளம்பியது, எனக்குத் தெரிந்தது. முதலில் விளையாட்டுப் போலக் கை ஆட்டினாள். வண்டி நிற்கவில்லை என்றதும் ஓட ஆரம்பித்தாள். எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்கவில்லை, வாய் மட்டும் அப்பா, அப்பா என்று போனது. காலையில் வாசலில் நின்றபோது இருந்த அதே முகம்.

"பாக்கியம்! புள்ள மடியிலதானே இருக்கு?" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் கால் நழுவும், கால் நழுவினால் எஞ்சின் நிற்கும், எஞ்சின் நின்றால் மடியில் இருப்பவள் செத்துப் போவாள். நிறுத்தாமல் போனால் ஓடி வருகிறவள்? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். மாரியாத்தா, எனக்குப் பைத்தியமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"பாக்கியம்!"

"மடியில இருக்கு" என்றாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னாள்.

"இடது, இடது, இன்னும் கொஞ்சம்" என்று மேலே பார்த்தபடி காசிம் பாய் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே கமலி தடுக்கி விழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள், அப்புறம் எழுந்து நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். என் கண்ணில் தண்ணீர் முட்டி ரோடே தெரியவில்லை. நான் காலை எடுக்கவில்லை. வண்டி உச்சியைத் தாண்டியது, மேடு நடுவில் வந்து மறைத்தது.

உச்சியில் வண்டியைத் திருப்பும்போதுதான் பின் சீட்டைப் பார்த்தேன். கமலி அம்மா மடியில் கிடந்தாள். இழுப்பு நின்றிருந்தது. கண்ணைத் திறந்து, இதுவரை பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். காய்ச்சல் வேகத்தில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் பார்க்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிழைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை நழுவிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். பின்னால் யாராவது வந்தார்களா என்று காசிம் பாயிடம் ஒரு தடவை கேட்டேன், "நான் மேலல்ல பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். ரொம்ப வருஷம் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை, பாக்கியத்திடம்கூட. சங்கத்துக்கும் அப்புறம் போகவில்லை.

கமலி நன்றாக வளர்ந்தாள். ஒரு குறை சொல்ல முடியாத பெண். பாக்கியமும் அவளை அப்படி வளர்த்தாள், ஜப்பான்காரன் காலத்தில் வீட்டில் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்குதான் இருக்கிறது என்றால், தான் தண்ணீர் குடித்துவிட்டு அதை அவளுக்குக் கொடுப்பாள். அந்த மேட்டு ரோட்டில் அது நடந்து பதினாலு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்தோம். தெப்ராவில் மாப்பிள்ளை வீடு. மறுநாள் அவளைக் கார் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். பாக்கியம் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம புள்ள போயிருச்சு பாக்கியம், வீடே வெறிச்சுன்னு ஆயிருச்சு" என்றேன்.

"நல்ல புள்ள" என்றாள். "யாரு பெத்ததோ, எனக்கு ஒரு கொறையும் வைக்கல."

"என்னடி பேசுற?"

அவள் நிமிரவில்லை.

"நம்ம கமலி அந்த மேட்டுல ஓடி வந்துச்சு. விழுந்து எந்திரிச்சு, நொண்டிக்கிட்டே ஓடி வந்துச்சு. நீங்க நிப்பாட்டல."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அடுத்ததை எடுத்தாள்.

"நானுந்தான் நிப்பாட்டச் சொல்லல" என்றாள்.