நாற்பத்தொன்றாவது பெயர்

தனகோட்டி அக்கா பத்தொன்பது வருடமாகச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை மண்வெட்டியால் வாரி மேலே போடுகிற வேலை. ஒருநாள் வாரியது மறுநாள் அதே அளவு சிந்திக் கிடக்கும். அதைப் பார்த்து அவர் சலித்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஜெபப் பெட்டியில் சீட்டுப் போடுவார்கள். தனகோட்டி அக்காவின் சீட்டில் ஒரே வார்த்தைதான்: "நிரந்தரம்." போதகர் இப்போதெல்லாம் மடிப்பைப் பிரிக்காமலே அது யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார். அக்காவுக்குப் பின்னால் வேலைக்கு வந்த சிலர்கூட நிரந்தரமாகிப் போய்விட்டார்கள். அவர்கள் எழுந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லும்போது முதலில் கை தட்டுவது இந்த அக்காதான். மறுவாரம் அவர்களுக்காகக் கேசரி கிண்டிக்கொண்டு வருவார்.

"உனக்கு வயித்தெரிச்சலே இல்லியாக்கா?" என்று பக்கத்தில் உட்காரும் கண்ணகி ஒருமுறை கேட்டாள்.

"இருக்குதுடி. அதான் சக்கரைய அள்ளிப் போடறேன்."

இந்த வருடம் நிரந்தரமாக்குவதற்கான புதுப் பட்டியல் வந்தது. இடம் நாற்பது பேருக்கு. தனகோட்டி அக்காவின் பெயர் நாற்பத்தொன்றாவது. தொழிற்சங்கத்துச் சக்கரபாணி அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, முப்பத்தேழாவது பேரு மாரியம்மா. இன்னும் சர்டிபிகேட் கொண்டாரல. போன் போட்டா சுவிட்ச் ஆப். வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள வரலன்னா அந்த எடம் உனக்குத்தான். நீ வாயத் தொறக்காம இரு, போதும்."

அந்த ஞாயிறு அக்கா முதல்முறையாகத் தனக்காகச் சாட்சி சொல்ல எழுந்தார். "கர்த்தர் கதவத் தொறந்துட்டாரு" என்றார். சபையே தட்டிய தட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது கண்ணகி கேட்டாள். "யாரு பேருக்கா போச்சு, உனக்கு எடம் வுட்டு?"

"மாரியம்மா. பெல்ட்டுல எங்கூட ஆறு வருஷம் இருந்தா."

சொன்னவர் டம்ளரை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தார். வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த முகத்தை நான் பார்த்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, வண்டியில பெட்ரோல் இருக்குதா? நெல்லிக்குப்பம் போவணும். பெல்ட்டுல விசாரிச்சேன். மாரியம்மா கீழ வுழுந்து கால ஒடச்சிக்கினு அவ தங்கச்சி வூட்ல இருக்கறாளாம்."

நான் வண்டியை எடுத்தேன். சர்க்கரை ஆலையின் புளித்த வாசம் வந்தபோது, "வந்துட்டமா?" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் இருக்கக் கூடாதா என்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி.

மாரியம்மா மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழுந்தபோதே போனும் உடைந்துவிட்டதாம். பட்டியல் வந்ததே தெரியாது.

"உம் பேரு வந்துருக்குதுடி. முப்பத்தேழு. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துக்கினு வந்துரு."

மாரியம்மா அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் கேட்டார். "உன்து?"

"நாப்பத்தொண்ணு."

"எத்தினி பேருக்கு?"

"நாப்பது."

"அடி பைத்தியக்காரி. நீ எதுக்குடி வந்த?"

"வரலன்னா, ஒன்னத் தள்ளிவுட்டதுக்கு ஸ்தோத்திரம் சொன்னவளா ஆயிருப்பேன்."

வெள்ளிக்கிழமை மதியம் மாரியம்மா ஆட்டோவில் வந்து, ஒரு கையால் சக்கரபாணியின் தோளைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சக்கரபாணிக்கு மனசு ஆறவே இல்லை.

"ஒங்க சாமி குடுத்தத நீயே கொண்டுபோயி அவ கையில வெச்சிட்டியே, அக்கா!"

"அவர் குடுக்கலப்பா. நானா எடுக்கப் பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் தனகோட்டி அக்கா மறுபடி எழுந்தார். "போன வாரம் நாஞ்சொன்ன சாட்சிய வாபஸ் வாங்கிக்கறேன். அது எனக்குத் தொறந்த கதவு இல்ல. இன்னும் காத்துக்கினுதான் இருக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சாட்சியைத் திரும்ப வாங்கி எங்கள் சபையில் யாரும் பார்த்ததில்லை. கை தட்டுவதா, அல்லேலூயா சொல்வதா என்று தெரியாமல் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். போதகர்கூட அடுத்த பாட்டை அறிவிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பொறுமை என்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

வெளியே வரும்போது கண்ணகி அவர் கையைப் பிடித்தாள். "அடுத்த லிஸ்ட்டு எப்பன்னு தெரியாதேக்கா. அம்பத்திரண்டு ஆவுதே உனக்கு."

"அறுவது வரைக்கும் வேல இருக்குதில்ல. எட்டு வருஷம்டி!" என்றார் தனகோட்டி அக்கா, கையில் நிறைய இருப்பதுபோல. அன்றைக்கு அவருக்கு இரண்டாவது ஷிப்ட். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.