தெருமுனையில் என் மனைவியின் படம்

தெருமுனையில் என் மனைவியின் படம் போட்ட பேனரைக் கட்டிய அன்று, காலை எட்டு மணிக்குள் நான்கு பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அவள் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைக் கொடுத்தது நான்தான். அபூர்வமான புற்றுநோய்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் வரை நடக்கப்போகிறோம் என்று சொல்லி ஒரு குழுவினர் கேட்டார்கள். இவளுக்கு வந்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான். கண்டுபிடிக்கப் பதினோரு மாதம், ஆறு டாக்டர்கள். ஐந்து பேர் வாயுத்தொல்லை என்றார்கள். எங்கள் விம்கோ நகரில் வயதான பெண்மணி பேனரில் சிரித்தால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கீழே உள்ள எழுத்தை யார் படிக்கிறார்கள்?

வியாழக்கிழமை அவளுக்கு ஸ்கேன். நோய் திரும்பியிருக்கிறதா என்று அன்றுதான் பார்ப்பார்கள். இந்த நேரத்திலா இப்படி என்று வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். போக பதினான்கு அடி, வர பதினான்கு.

ஐந்தாவதாக வந்தவள், முகத்துவாரக்குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருபவள். கையில் மாலை.

"எப்ப நைனா ஆச்சு? நேத்துகூட வஞ்சிரத்துக்கு பேரம் பேசிகினு இருந்துச்சே."

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "வஞ்சிரமா அது? ஐஸ்ல ஒரு வாரம் கெடந்தது."

மீன்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னா நைனா, உசுரோட கீற பொம்பளைய இப்படி மாட்டி வுட்டுகீறியே."

பேனரை அவிழ்க்கச் சொல்லப் போனை எடுத்தேன்.

"இருக்கட்டும்ங்க," என்றாள் மனைவி. "படத்தப் பாத்துதானே வராங்க. நான் அதுக்குக் கீழயே உக்காந்துக்கிறேன்."

உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் குழுவினர் கொடுத்த உண்டியல். படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழே பார்த்துத் திடுக்கிட்டவர்களிடமெல்லாம் ஆறு டாக்டர்களின் கதையைச் சொன்னாள்.

"இந்தத் துட்டு உனுக்குத்தானாக்கா?" என்றாள் மீன்காரம்மா.

"எனக்கில்ல. இனிமே வரப்போறவங்களுக்கு. அஞ்சு பேர்கிட்ட அலையாம இருக்கட்டும்."

மீன்காரம்மா மாலையைப் பூக்கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணத்தை வாங்கிவந்து உண்டியலில் போட்டாள்.

வியாழக்கிழமை ஸ்கேன் முடிந்தது. ரிப்போர்ட் சனிக்கிழமை என்றார்கள். திரும்பும்போது ஆட்டோவைப் பேனருக்கு அடியில் நிறுத்தச் சொன்னாள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. இன்னொரு நாற்காலி கொண்டுவந்தேன். பேனரின் முடிச்சுகளை எண்ணினேன். ஆறு. ஒன்று தளர்ந்திருந்தது. நாற்காலியில் ஏறி இறுக்கினேன்.

"விழுந்து வைக்காதீங்க," என்றாள் கீழிருந்து. "அப்புறம் உங்களுக்கும் ஒண்ணு அடிக்கணும்."