ரிப்பன் இல்லாத கோட்டு

என் வீட்டுக்காரரோடு குப்பை கொட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

பட்டாளத்தில் காயத்துக்குக் கட்டுப் போடும் சிப்பாயாகச் சேர்ந்தவர். கூட இருந்தவர்கள் 'கட்டு' என்றே கூப்பிடுவார்கள். ஓய்வு நேரமெல்லாம் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, பரீட்சையில் தோற்றுத் தோற்றுத் தேறி, மருத்துவம் படித்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் டாக்டராகிவிட்டார். இப்போது அதே பட்டாளத்தில் மருத்துவ அதிகாரி. புதிதாகச் சேர்ந்த டாக்டர்களுக்கு வரவேற்பு விருந்து, விழா உடுப்பு போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அங்கே பிடித்தது சனியன்.

மற்ற டாக்டர்கள் கல்லூரியிலிருந்து நேராக வந்த பிள்ளைகள். அவர்கள் கோட்டில் இடது மார்பு காலி. இவருக்கு மட்டும் சிப்பாயாக இருந்தபோது வாங்கிய பதக்கங்களின் ரிப்பன் உண்டு. சின்னத் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரிப்பன், பின்னால் ஊசி. ஒன்று எல்லையில் இருந்ததற்கு. இன்னொன்று, வெள்ளத்தில் ஆட்களைத் தோளில் சுமந்து கரை சேர்த்ததற்கு. அந்த வெள்ளத்தின்போதுதான் எங்கள் மூத்தவள் பிறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு பெற்றேன். இவர் வந்து முகம் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது.

தையற்கடையிலிருந்து கோட்டு வந்ததும் ரிப்பனை நானே குத்தி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் காணோம். மறுபடி குத்தினேன். மறுபடி காணோம்.

"அப்பறம் பாத்துக்கலாம்மா," என்றார்.

"என்னத்த பாத்துக்கறது? திருடிட்டா வந்தீங்க?"

"அதில்ல. எல்லாப் பசங்களும் வெறும் நெஞ்சோட வருவாங்க. நான் மட்டும் ரிப்பனோட போய் நின்னா, ஏதுன்னு கேப்பாங்க. சிப்பாயா இருந்தவன்னு தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே! கொள்ளையடிச்சவன்னா தெரியப் போகுது?"

கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு நழுவிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஊசியை நம்பிப் பயனில்லை என்று தகட்டை நாலு பக்கமும் கோட்டோடு சேர்த்துத் தைத்தேவிட்டேன். காயத்துக்குத் தையல் போடும் கெட்டி நூல் வீட்டில் கிடந்தது. முடிச்சுகூட இவர் எப்போதோ கற்றுக்கொடுத்ததுதான். இனி எப்படிக் கழற்றுகிறார் பார்ப்போம் என்று துணி காயப்போடப் போனேன்.

திரும்பி வந்தால், மனுஷன் கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னக் கத்திரியால் ஒவ்வொரு தையலாக நறுக்கி இடுக்கியால் உருவிக்கொண்டிருக்கிறார்! வார்டில் நோயாளிக்குத் தையல் பிரிக்கிறாராம். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"துணிதானே, வலிக்காது," என்றார் என் முகத்தைப் பார்த்து.

"துணிக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது. தனியாக் கெடந்து பெத்தவ நான். அந்த ரிப்பன்ல பாதி என்னோடது."

தலையைக் குனிந்துகொண்டார். ரிப்பன் மட்டும் கோட்டுக்குத் திரும்பவில்லை.

விருந்தன்று புது டாக்டர்கள் வரிசையாக நிற்க, நாங்கள் குடும்பக்காரர்கள் பின்னால் நின்றோம். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தலைமை அதிகாரியம்மா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், இவர் முன்னால் நின்றுவிட்டார். கெட்டி நூல் அல்லவா? கோட்டின் நெஞ்சில் ஊசித் துளைகள் கட்டம் கட்டியதுபோல் பளிச்சென்று தெரிந்தன.

"இங்க என்ன இருந்துச்சு, டாக்டர்?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லித் தொலைக்கப் போகிறார், வீட்டுக்கு வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ரிப்பன், மேடம். நான் முன்னாடி சிப்பாய். கட்டுப் போடறவன்." எல்லாருக்கும் கேட்டது.

"அது இப்ப எங்க?"

வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவர் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்தார். பாவி மனுஷன், போட்டுக்கொள்ளவும் தைரியமில்லாமல், விட்டுவிட்டு வரவும் மனசில்லாமல் பையில் வைத்துச் சுமந்திருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வாங்காதத போட்டாலும் தப்பு, வாங்கினத போடாம வந்தாலும் தப்பு. குத்திக்கங்க," என்றார் அதிகாரியம்மா.

இவர் குத்திக்கொள்ளவில்லை. வரிசையை விட்டு நடந்து வந்து என்னிடம் நீட்டினார்.

"பாதி உன்னோடதுன்னியே. நீயே குத்து."

கண்ணில் தண்ணீர் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை. அழுத்திய அழுத்தில் ஊசி கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

"ஸ்ஸ்... வலிக்குது," என்றார் மெதுவாக.

"வலிக்கட்டும்," என்றேன்.