தூளியில் தூங்கிய பாப்பா

நான் வேலை பார்க்கும் அரிசி ஆலைக்குப் போன மாதம் தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்களை மூட்டைகளின் மேல் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். இளையவர் சுவரில் சாக்கட்டியால் ஒரு முக்கோணம் போட்டார். சூடு, காற்று, எரிகிற பொருள். மூன்றும் சேர்ந்தால் தீ, ஒன்றை எடுத்துவிட்டால் தீ இல்லை என்றார். தண்ணீர் ஊற்றினால் சூடு போகிறது. ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் காற்று போகிறது. "மூணாவத எப்படி எடுக்கிறது? எரியப்போற பொருள, எரியறதுக்கு முன்னாடியே எடுத்துடறது. யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்த்திருக்கிறேன். கையைத் தூக்கவில்லை. எப்போதுமே நான் நாலு பேர் நடுவில் பேசுகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்காததற்குக் கூச்சம் காரணமல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் தெரு வாய்க்கால் கரையோரம் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரிசை. ஒன்பது வீடு, ஒன்பதும் கீற்றுக் கூரை. ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தில் இடிக்கும். எங்கள் வீடு ஐந்தாவது. ஆறாவது அத்தை வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷனை இழந்தவள், ஒரு மகளை வைத்துக்கொண்டு வாசலில் இட்லி சுட்டு விற்றுப் பிழைத்தாள்.

அந்த நாளில் பையன்களுக்குத் தீப்பெட்டிப் படம் என்றால் உயிர். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைக் கிழியாமல் உரித்து, அடுக்கி வைத்து விளையாடுவோம். காலிப் பெட்டி கிடைக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. அத்தை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் புதுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். படம் எனக்கு, குச்சி யாருக்கு? வெளியே கொட்டினால் மாட்டிக்கொள்வேன். ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து, எங்கள் வாசல் பக்கத்துக் கூரையில் கீற்றுக்குள் செருகி வைத்தேன். பத்துப் பதினைந்து பெட்டிக் குச்சி இருக்கும். அத்தை தன் மகளைத்தான் திட்டினாள், "தீப்பெட்டிய அவிச்சித் திங்கிறியாடி?" என்று.

வைகாசி கடைசி. மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை, வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. மேல்காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. முதல் வீட்டில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொல்லையில் கொட்டியிருக்கிறார்கள். மேலே வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். உள்ளே ஒரு கங்கு உயிரோடு இருந்தது யாருக்குத் தெரியும்? காற்று சாம்பலை ஊதித் தள்ளிவிட்டு அந்தக் கங்கை வேலிப் படலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். போகும்போது தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு விளையாட வேண்டும், அதனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த சித்தியிடம் விட்டுவிட்டேன். இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். நானேதான் விட்டேன்.

புகையைப் பார்த்து அப்பாவும் சித்தப்பாவும் வயலிலிருந்து ஓடிவந்தபோது மூன்றாவது வீடு எரிந்துகொண்டிருந்தது. தெருவுக்கு ஒரே அடிபம்பு. பொம்பளைகள் மாற்றி மாற்றி அடித்தார்கள், குடம் நிறைவதற்குள் கீற்று எரிந்து முடிந்தது. சித்தப்பா கத்தினார்: "பம்ப அடிச்சு என்னா ஆவப்போவுது? அருவாளக் கொண்டாங்கடா! அண்ணன் வீட்ட அறுத்துத் தள்ளுங்க!"

அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "எரியாத வீட்ட ஏண்டா அறுக்கிறீங்க, படுபாவிகளா!"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அறுக்கட்டுங்க்கா. இது விழுந்தா ஒன்னோடது நிக்கும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் கூரையைக் கீழே இழுத்துப்போட்டு, கீற்றை அப்புறப்படுத்திவிட்டால், தீ வந்து நிற்க இடம் இருக்காது, அத்தை வீடும் அதற்கு அப்பால் இருக்கும் மூன்று வீடும் தப்பிக்கும் என்பதையெல்லாம் யோசிக்கிற பிள்ளையாக நான் இல்லை. சித்தப்பா கூரைமேல் ஏறிக் கட்டுக்கயிறுகளை அறுக்கிறார், நாலு பேர் துறட்டியைப் போட்டு வாசல் பக்கத்தை இழுக்கிறார்கள், இதுதான் என் கண்ணில் பட்டது. கூரை சரிந்தால் பை விழும். பை விழுந்தால் அத்தை பார்ப்பாள். தெருவுக்கே நான்தான் தீ வைத்தேன் என்று ஆகிவிடும்.

"பாப்பா உள்ள இருக்கு! தூளியில தூங்குது!" என்று கத்தினேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"நிறுத்துங்கடா! கைய எடுங்க!" என்று சித்தப்பா அலறினார். துறட்டிகள் நின்றன. அப்பா குனிந்து உள்ளே ஓடினார். நாலாவது வீட்டிலிருந்து ஒரு கீற்று எரிந்தபடியே காற்றில் எழும்பி வந்து எங்கள் கூரையில் உட்கார்ந்தது. பாதி பிரித்துப் போட்ட கூரை, பிரித்த இடமெல்லாம் காற்று புகுந்து, ஊதுகிற அடுப்பு மாதிரி பிடித்துக்கொண்டது. வாசல் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் சீறிக்கொண்டு வெள்ளையாக எரிந்து அடங்கியது. அது என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். அப்பா உள்ளே இருந்தார். எனக்கோ, இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அப்பா தூளிச் சேலையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். சேலைக்குள் தலையணை இருந்தது. புகையில் தடவிப் பார்த்து அதைத்தான் பிள்ளை என்று தூக்கியிருக்கிறார். இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருந்தன. அதே சமயம் சித்தி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்தாள். அப்பா பாப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அத்தை வீடு எரிந்தது. ஏழாவது வீட்டைக் கடைசியில் அறுத்தார்கள், அங்கே தீ நின்றது.

அப்பாவின் விரல்கள் ஒட்டிக்கொண்டன, அரிவாள் பிடிக்க முடியாமல் போயிற்று. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்று நான் வேலைக்குப் போனேன். அதை எனக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பள்ளிக்கூடம் எனக்கு ஏற்கெனவே பிடிக்காது.

அத்தை ஒரத்தநாட்டில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணம், காதுகுத்து எதற்கு வந்தாலும் பந்தியில் அப்பாவைப் பார்த்துக் கேட்பாள்: "என்னா தம்பி, புள்ளைங்கள எண்ணிப் பாத்துட்டியா? எதையும் வீட்டுல மறந்துட்டு வரலயே?" எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். என் தலையை அத்தை தடவிக் கொடுப்பாள், "இவனுக்கு இருந்த நெனப்புகூட ஒனக்கு இல்ல பாரு." அப்பா சாகும்வரை இது நடந்தது. அத்தை இன்னும் இருக்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.

அத்தை அப்படிக் கேட்பதற்குக் காரணம், தீ அணைந்த மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நடந்தது. மத்தியானம், அப்பா கை இரண்டிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அத்தை கட்டிலருகே நின்று என்னைக் கேட்டாள்: "பாப்பா தூளியில இருக்குன்னு ஒனக்கு யாருடா சொன்னா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"நாந்தாங்க்கா சொன்னேன்," என்றார் அப்பா. "நாந்தான் தூங்க வச்சுட்டுப் போனேன். சித்திக்காரி தூக்கிட்டுப் போனது எனக்குத் தெரியாம போச்சு."

அத்தை வெளியே போனாள். எனக்கு ஒரே குழப்பம். அப்பா விடியற்காலையிலேயே வயலுக்குப் போனவர், பாப்பாவைத் தூங்கவைக்கவே இல்லை. கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதருகே போய், "புகை குடிச்சதுல அப்பாவுக்குப் புத்தி கொழம்பிடுச்சாம்மா? அவரு வீட்டுலயே இல்லியே" என்றேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்துவிடக் கூடாதே என்றுதான் பொத்துகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.