முகப்பு விளக்குகளை அணைக்கவும்

நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். என் கண்ணையும் காதையும் நானே முழுசாக நம்பியதில்லை. அதனால்தான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். பார்த்தது இடப்பக்கம். நினைத்தது வலப்பக்கம். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

இங்கே சொல்லப்போவதெல்லாம் இடப்பக்கத்தில் இருப்பவை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் முன்பு ஒரு டிரைவ்-இன் தியேட்டர் இருந்தது. காரை உள்ளே ஓட்டிப்போய், காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். மைதானம் முழுக்க வரிசை வரிசையாக மேடு கட்டியிருப்பார்கள். முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் கார் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் நிற்கும் கார் மறைக்காது. பக்கத்தில் ஒரு கம்பம். அதில் தொங்கும் ஒலிபெருக்கிப் பெட்டியை எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் வசனம் கேட்கும்.

வாசலில் ஒரு பலகை. ‘முகப்பு விளக்குகளை அணைக்கவும்.’

யாராவது மறந்துவிட்டால் வெளிச்சம் திரையில் அடித்துப் படம் வெளிறிப்போகும். அவ்வளவுதான். மைதானமே ஹாரன் அடித்து அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும்.

சின்ன வயதில் அண்ணனும் நானும் மொட்டை மாடியில் நின்று அங்கே ஓடும் படங்களைப் பார்ப்போம். முகங்கள் தெரியும், வசனம் கேட்காது. அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதாநாயகி குரலில் பேசுவான். நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து நிற்பேன். எங்களுக்குக் கேட்கும் ஒரே சத்தம் ஹாரன்தான். அது கேட்டதும் இருவரும் கைப்பிடிச் சுவரில் தொற்றிக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடிப்போம். பாம்... பாம்... தொண்டை கட்டும்வரை.

பிறகு தியேட்டரை இடித்தார்கள். தெருவே துக்கம் கொண்டாடியது. அதிகம் புலம்பியது எதிர்வீட்டு டூட்டூ மாமா. அவருடைய பழைய காரின் ஹாரன் ‘டூ... டூட்’ என்று இரண்டு குரலில் கத்தும். பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் வீட்டு அலமாரியில் அந்தத் தியேட்டரின் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று, அறுந்த வயரோடு இருக்கிறது. “படம் முடிஞ்ச மயக்கத்துல கழட்ட மறந்து அப்படியே ஓட்டிட்டு வந்துட்டேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். “அந்தக் காலத்து ஜனங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிம்மா” என்றும் சொல்வார்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரை இருந்த இடத்தில் இப்போது நான் கணக்கியல் படிக்கப் போகும் மாலைக் கல்லூரி நிற்கிறது. கட்டடத்தின் பின்சுவருக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. முழுக்க வெள்ளை. அதற்கு எதிரே வண்டி நிறுத்துமிடம். செலவை மிச்சம் பிடிக்க மேடுகளை வெட்டாமல் அப்படியே தார் ஊற்றிவிட்டார்கள். அதனால் இன்றும் கார்கள் அங்கே முகத்தைத் தூக்கிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும்.

அன்று வியாழக்கிழமை. வகுப்பு எட்டு மணிக்கு முடிந்தது. மின்விசிறியை அணைத்தேனா என்று பார்க்க மாடியேறினேன். அணைத்திருந்தேன். இறங்கிய பிறகு அது எங்கள் அறைதானா என்று சந்தேகம் வந்து மறுபடி ஏறினேன். நான் வெளியே வந்தபோது நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு கார்தான் இருந்தது. அண்ணனுடையது.

அண்ணன் ஏசி மெக்கானிக். ஊர் வண்டியெல்லாம் குளிர வைப்பான், சொந்தக் காரை மட்டும் கவனிக்க மாட்டான். இடப்பக்க முகப்பு விளக்கு எரியாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கேட்டால், “ஒத்தக் கண்ணு போதும், வழி தெரியுதுல்ல” என்பான்.

கதவைத் திறந்ததும் கத்தினான்.

“எத்தன நேரம்டி? காலேஜே காலியாயிருச்சு.”

“ஃபேன ஆஃப் பண்ணேனான்னு பாக்கப் போனேன்.”

“பண்ணாட்டி என்ன, பில்டிங் பறந்துருமா?”

வழக்கமான கிண்டல்தான். ஆனால் அன்று அதில் சிரிப்பு இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

“என்னண்ணா பண்ணுது?”

“வாயு. மத்தியானத்துலேர்ந்து படுத்துது. நீ வேற உசுர வாங்காத. பேசாம உக்காரு.”

“கூப்பிட வரச்சொல்லி நானா கெஞ்சினேன்? நடந்தே வந்திருப்பேன்.”

அவன் சாவியைச் செருகினான். திருப்பவில்லை. முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு விளக்குக் கம்பம். அதன் கீழே காலியான தார்த்தரை. மேடு. அதற்குப் பின்னால் இன்னொரு மேடு...

பக்கத்தில் ஏதோ சத்தம். ஓட்டைப் பையிலிருந்து காற்று போவதுபோல.

திரும்பினேன். அண்ணன் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தான். ஒரு கை சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“அண்ணா!”

“...நெஞ்சு...” என்றான். அதற்குமேல் குரல் வரவில்லை.

போனை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தேன். மணி 8.22. போன் திரையில் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மறுமுனையில் ஒரு பெண். இடத்தைச் சொன்னேன்.

“மேடம், சத்தமா சொல்லுங்க. ஒண்ணும் கேக்கல.”

மறுபடி சொன்னேன்.

“ஒரே ஹாரனா இருக்கு மேடம். டிராஃபிக்ல மாட்டியிருக்கீங்களா?”

“இங்க ஹாரனே இல்லைங்க! நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம்!”

“இல்ல மேடம்... நெறைய வண்டி அடிக்குது. கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க...”

என்னைச் சுற்றி ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

எப்படியோ முகவரியைப் புரிந்துகொண்டாள். வைத்துவிட்டாள். காவலாளியின் அறை அந்த வெள்ளைச் சுவரின் மூலையில் இருக்கிறது. வெளிச்சம் அடித்தால் எட்டிப்பார்ப்பார் என்று தோன்றியது. எக்கி, முகப்பு விளக்கைப் போட்டேன்.

சுவர் பளிச்சென்று ஆனது.

உடனே பின்னால்...

டூ... டூட்.

எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் அந்த ஹாரனை அடையாளம் சொல்லத் தேவையில்லை. டூட்டூ மாமா வந்துவிட்டார் என்று நினைத்தேன். நெஞ்சில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. மேடு மேடாகக் காலித்தரை.

டூ... டூட்.

இடப்பக்கம் இன்னொன்று. தடித்த குரல். வலப்பக்கம் ஒன்று. பிறகு மொத்தமாக. கண்ணாடி அதிர்ந்தது. இருக்கை அதிர்ந்தது. உதவிக்கு அடிக்கும் ஹாரனை எல்லோருக்கும் தெரியும். இது அதுவல்ல. இது வசவு.

விளக்கு அணைந்தது.

நான் தொடவில்லை. மறுபடி போட்டேன்.

அணைந்தது.

போட்டேன்.

காரின் கூரையில் ஓங்கி ஓர் அறை. உள்ளங்கையால்.

“ஏய்! லைட்ட அணைடா!”

ஆண் குரல். கதவுக்கு வெளியே. அங்கே ஆள் இல்லை.

அண்ணனின் தலை என் பக்கம் சரிந்தது. கண் பாதி மூடியிருந்தது. இனி உட்கார்ந்திருந்தால் அவன் போய்விடுவான். விளக்கைப் போட்டு, அதன் குமிழை முழுப் பலத்தோடு அழுத்திவிட்டு இறங்கினேன். இந்த முறை அணையவில்லை.

சுவரை நோக்கி ஓடினேன்.

மூன்றாவது அடியில் இடுப்பில் ஏதோ இடித்தது. தடவினேன். தகரம். சூடு. இப்போதுதான் வந்து நின்ற காரின் முன்மூடி எப்படிச் சுடுமோ, அப்படி.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தடவிக்கொண்டே நகர்ந்தேன். ஒரு கைப்பிடி. ஒரு கண்ணாடி. இறக்கியிருந்த கண்ணாடிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

“உக்காரு!”

“மறைக்குது! உக்காரும்மா!”

“இதுக்குன்னே வந்துருக்குங்க பாரு...”

என் நிழல் சுவரில் விழுந்தது. பெரிதாக. அதன் பக்கத்தில் இன்னொன்று.

இரண்டு நிழலும் ஓடின.

ஒன்று கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடியது.

நான் கையைத் தூக்கவில்லை.

ஹாரன்களுக்கு மேலே, பின்னாலிருந்து, உயரத்திலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம்... இரும்புச் சத்தம் இல்லை...

பாம்... பாம்...

காவலாளி கதவைத் திறந்தார்.

எல்லாம் நின்றது.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். காவலாளியிடம் பிறகு கேட்டேன். “ஹாரனாம்மா? ஒரு சத்தமும் இல்லையே. ரேடியோகூட வெக்காம சும்மாதான் உக்காந்திருந்தேன். நீ கதவத் தட்டுனதுதான் கேட்டுச்சு.”

மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து இடப்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். வலப்பக்கத்தில் காரணங்கள். ஹாரன்: பதற்றம், காதடைப்பு. சூடான தகரம்: பதற்றம். இரண்டு நிழல்: காருக்கு இரண்டு விளக்கு, ஆகவே இரண்டு நிழல். அதை எழுதியதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒன்றாவது கணக்குத் தீர்ந்தது.

அண்ணனின் நண்பன் காரைக் கொண்டுவந்து வீட்டில் விட்டான். சாவியைக் கொடுக்கும்போது சொன்னான்.

“இடப்பக்க லைட்டு இன்னும் எரியல. மொதல்ல அத மாத்தச் சொல்லு.”

வலப்பக்கத்தில் அந்த வரியை அடித்தேன்.

அண்ணன் வீடு திரும்பியதும் டூட்டூ மாமா பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்க வெச்சுடா வந்துச்சு?”

“காலேஜ் பின்னாடி, மாமா. சொவத்தப் பாத்து நிறுத்தியிருந்தேன்” என்றான் அண்ணன்.

“நம்ம தியேட்டர் எடம்!” அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் தொடையைத் தட்டினார். “அங்க ஒருத்தன் போயே போயிட்டான், தெரியுமா? படம் ஓடும்போதே.”

“எப்படி மாமா?” என்றேன்.

“அன்னிக்குப் படம் நல்ல கட்டத்துல போகுது. பின்வரிசைல ஒரு பய லைட்டப் போட்டு போட்டு அணைக்கிறான். கண்ணு கூசுது. விடுவோமா? நாந்தான் மொதல்ல அடிச்சேன். அப்புறம் மொத்த கிரவுண்டும். ஒருத்தன் எறங்கிப்போய் அவன் கார்க் கூரையிலயே ஓங்கி ஒண்ணு விட்டான்.”

கார்க் கூரையில் விழுந்த அறை என் நாட்குறிப்பின் இடப்பக்கத்தில் இருந்தது.

“பாத்தா, உள்ள இருந்து ஒரு பொண்ணு எறங்கி ஓடுது. உன் வயசுதான் இருக்கும். கையத் தூக்கி ஆட்டிக்கிட்டு, நேரா திரை முன்னாடி. நெழலு விழுது, படமே தெரியல. நாங்க இன்னும் கத்துனோம். கடைசில பாத்தா அவங்கப்பனுக்கு நெஞ்சுவலியாம். உதவிக்குத்தான் லைட்டப் போட்ருக்கு. எங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லு? போலீசு கீலீசுன்னு வந்துரப் போகுதேன்னு அவனவன் வண்டிய எடுத்துட்டான். அந்த அவசரத்துலதான் வீட்ல இருக்கற அந்த ஸ்பீக்கர் பெட்டியும் என்கூட வந்துருச்சு.”

படம் முடிந்த மயக்கத்தில் இல்லை.

“அந்தப் பொண்ணு என்ன ஆச்சு மாமா?”

“யாரு கண்டா.”

“உங்க காரு ஹாரன்... இப்பவும் வேல செய்யுதா?”

“கார்ல பேட்டரியே இல்லம்மா. கொட்டகைல கெடக்கு, எலி குடும்பம் நடத்துது.”

நான் மனசுக்குள் எண்ணிப்பார்த்தேன். செத்தவர் ஒருவர்தான். ஹாரன் அடித்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் தெருவில். பக்கத்துத் தெருவில். தினமும் எனக்கு எதிரே வந்து, “நல்லா இருக்கியாம்மா” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அப்படியென்றால் அன்று அங்கே இருந்தது யார்?

மாமா எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

“எங்கள மட்டும் சொல்லாத. அன்னிக்கு எல்லாருக்கும் மேல சத்தம் போட்டது நீங்க ரெண்டும்தான். மாடில தொங்கிக்கிட்டு, வாயாலயே. அந்த வயசுல உங்களுக்கு என்னா தொண்டை!”

அவர் போய்விட்டார்.

மேலேயிருந்து கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றி நான் அண்ணனிடம் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

“கார்ல மயக்கம் போட்டு விழுறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு” என்றான்.

“ஹாரனா?”

தலையை ஆட்டினான். இல்லை என்று.

“என் கொரல்டி. சின்ன வயசுக் கொரல்...”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“சிரிச்சுச்சு.”