ருக்மணி அக்காவும் சந்தை விளக்கும்

"சித்தி, அம்மா போயிட்டாங்க" என்று ருக்மணி அக்காவின் மகள் சாந்தி தொலைபேசியில் சொன்னாள். அழுகைக்கு நடுவே ஒன்று கேட்டாள்: மரண அறிவித்தலுக்கு நான்தான் நாலு வரி எழுதித் தர வேண்டும். பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதுகிறவள் என்பதால் அந்த வீட்டில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. உடனே எழுதிக் கொடுத்தேன். 'சமூக சேவகி' என்று போட்டேன். சற்று நேரத்தில் மறுபடி அழைத்தாள். "அம்மா என்னா சேவை செஞ்சாங்கன்னு போடலியே, சித்தி?" இடம் போதாது என்றேன். அது பொய். இடம் தாராளமாக இருந்தது; என் கைதான் வரவில்லை.

ருக்மணி அக்காவை அறிந்த உங்களுக்கு அது என்ன சேவை என்று தெரியும். இதை வாசித்துவிட்டு, இப்போதாவது சொன்னாளே என்று நினைப்பீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டிப் பக்கம், வத்தேகமவுக்கு அப்பால் ஒரு சின்னச் சந்தையில் அக்கா வளையல் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மலையிறங்கி வருவார்கள். ஒருநாள் ஒரு கர்ப்பிணிப் பெண் கடை வாசலில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கவும் கொடுத்தார் அக்கா. அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"குடிச்சா எங்க போறது, அக்கா?" என்று கேட்டாளாம்.

ஆண்கள் மதிலோரம் ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாததால் விடிந்ததிலிருந்து ஒரு மிடறுகூடக் குடிக்காமல் வருவார்கள். அன்று பிடித்தது அக்காவுக்கு அந்தக் கனவு. சந்தை கூடுகிற ஊரிலெல்லாம் பெண்களுக்கு ஒரு கக்கூஸ், உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவோடு. உலகத்தைத் திருத்த வேறு வழியே கிடைக்கவில்லையா என்று நான் கேலி செய்வேன். "ஒலகம் அது பாட்டுக்குத் திருந்தட்டும். மொதல்ல பொம்பளைங்க தண்ணி குடிக்கட்டும்" என்பார். கக்கூஸ் என்ற அந்தச் சொல்லை அவர் நடுத்தெருவில் நின்று சொல்வார். நான் சுற்றுமுற்றும் பார்ப்பேன்.

ஒருமுறை உள்ளூர்ச் சபைத் தலைவர் சந்தைக்கே வந்து குறை கேட்டார். அக்காவின் சிங்களம் வளையல் விற்க மட்டும்தான் காணும். நான் கண்டியில் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் என்னைத்தான் பேசச் சொன்னார். பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எழுந்து நின்றால் எதிரே வரிசையாக ஆண்கள், கடை முதலாளிமார். சொல் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, தெரு விளக்கு கேட்டேன். மாலையில் பெண்கள் இருட்டில் நடக்கிறார்கள் என்று உருக்கமாகவே பேசினேன். கை தட்டினார்கள். விளக்கும் சீக்கிரமே வந்துவிட்டது.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "வெளக்கும் வேணுந்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு வளையல் அடுக்கப் போய்விட்டார். அது மட்டுமா, பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்த விளக்கு என் தங்கச்சி கேட்டு வாங்கியது என்று பெருமை பேசுவார். அவர் குத்திக் காட்டவில்லை, மனமாரத்தான் சொன்னார். எனக்குத்தான் செருப்பால் அடித்ததுபோல் இருக்கும்.

தலைவர் மாறினார். பிறகு தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. அக்காவின் கடையைக் கொளுத்தினார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்க முடியாத வருடங்கள் அவை. விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா கடையைத் திரும்பப் போட்டபோது, அன்று மயங்கி விழுந்தவளின் மகள் பெரியவளாகிச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளும் தண்ணீர் குடிக்காமல்தான் வந்தாள்.

கடைசியில் ஒரு கூட்டத்தில் அக்காவே எழுந்து தன் வளையல்கடைச் சிங்களத்தில் கேட்டார். ஆண்கள் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மறுபடி கேட்டார். கட்டிக் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல் தெல்தோட்டைச் சந்தைப் பக்கமும் போய் நச்சரித்து ஒன்று கட்ட வைத்தார். கைப்பையில் எப்போதும் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் கிடக்கும். "கட்டுறவங்க ஆம்பளைங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட மறந்துருவாங்க" என்பார். நினைத்ததில் கால்வாசிகூட நடப்பதற்குள் முழங்கால் விட்டுவிட்டது. நான் வீணாக்கிய வருடங்களில் அவருக்கு நல்ல கால்கள் இருந்தன.

செத்த வீட்டுக்குத் தோட்டங்களிலிருந்து நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். சாந்தியின் வீடு அவர்களுக்குப் புதிது. முற்றம் முழுக்கக் கதிரைகளில் உட்கார்ந்த ஆண்கள். பிளேன்டீ நீட்டியபோது, நெடுந்தூரம் வந்த அந்தப் பெண்கள் ஒருவர் விடாமல் வேண்டாமென்று தலையாட்டினார்கள். எனக்கு விளங்கிவிட்டது. அக்காவின் தலைமாட்டிலிருந்து எழுந்தேன். வாசல் படியில் போய் நின்றேன்.

"கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால இருக்கு. உள்ள தாழ்ப்பாள் இருக்கு. தேத்தண்ணி குடிங்க" என்று முற்றத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

ஆண்கள் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்கள் கை நீட்டிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டார்கள்.

கைப்பையில் மிச்சமிருந்த தாழ்ப்பாளைச் சாந்தி எனக்குத் தந்தாள். அது பொருத்தப்பட வேண்டிய கதவு இன்னும் கட்டப்படவில்லை. அதற்காக இனி நான்தான் போய்க் கேட்க வேண்டும், கேட்பேன். தாழ்ப்பாளோடு அந்தச் சொல்லையும் அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறேன். சொன்னபோது ஒன்றுமே ஆகவில்லை, அக்கா. அன்றைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.